குடிச்சிட்டு வண்டி ஓட்டினா சட்டப்படி என்ன ஆகும்? அடிக்கடி கேக்கப்படுற கேள்விகளும் பதில்களும்

நான் வக்கீல். தென்மாவட்டத்துல ஒரு ஊர்ல பிராக்டிஸ், பெரும்பாலும் எம்சிஓபி கேஸ், அதாவது ரோட்டு விபத்துல அடிபட்டவங்களோ செத்தவங்களோட குடும்பமோ நஷ்டஈடு கேட்டுப் போடுற வழக்கு. சனி, ஞாயிறு ராத்திரி ஆனா போன் வரும், "சார் தம்பிய ஊத வெச்சுப் புடிச்சிட்டாங்க, பத்தாயிரமாம், கொறைக்க முடியுமா"ன்னு. எல்லாரும் அந்தப் பத்தாயிரத்தப் பத்தித்தான் கேக்குறாங்க. நான் தினமும் கோர்ட்டுல பாக்குற கேஸுங்கள்ல அந்தப் பத்தாயிரம்தான் இருக்குறதுலயே சின்னத் தொகை, மத்ததெல்லாம் அதுக்கப்புறம் வருது, அதச் சொல்லணும்னுதான் இத எழுதுறேன். இதெல்லாம் இந்தியச் சட்டம், நம்ம தமிழ்நாட்டுக்கும் இதுதான்.

சட்டத்துல "குடிச்சிட்டு ஓட்டுறது"ன்னா என்ன அர்த்தம்? நான் ஸ்டெடியாத்தான் இருந்தேன்னு சொல்லலாமா?

சொல்லலாம், பிரயோஜனம் இல்ல. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினாலோ ஓட்ட முயற்சி பண்ணினாலோ குற்றம், அவ்வளவுதான். நீங்க நேரா நடந்தீங்களா, பேச்சு கொழறுச்சா, யார் மேலயாவது இடிச்சீங்களா, இதெல்லாம் தேவையே இல்ல, நம்பர் தாண்டிருச்சுன்னா கேஸ். கஞ்சா, மாத்திரை மாதிரி போதைக்கு மட்டும் வேற கணக்கு, அங்க நம்பர் கிடையாது, வண்டியக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு அந்தப் போதையில இருந்தாரான்னு பாப்பாங்க.

இலங்கைல இந்த அளவு 80 மில்லிகிராம், இங்கிலாந்துலயும் 80 (ஸ்காட்லாந்துல மட்டும் 50). அங்க இருந்து லீவுக்கு வர்றவங்க அந்தக் கணக்குலயே இங்கயும் ஓட்டி மாட்டுறாங்க, இங்க 30.

30 மில்லிகிராம்னா எத்தனை பெக்?

இதுக்கு "ஒரு பெக் ஓகே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கணக்கு போட்டுப் பாக்கலாம் வாங்க. நம்ம ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். 30 மில்லில சுமாரா 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கு. 70 கிலோ ஆணுக்கு அந்த 10 கிராம் ரத்தத்துல தோராயமா 20 மில்லிகிராம ஏத்தும். அப்ப கட்டிங், அதாவது 90 மில்லி அடிச்சா 60க்கு மேல, குவார்ட்டர் அடிச்சா 125 பக்கம். லிமிட்டு 30, அதையும் கூடவே வெச்சுப் பாருங்க. பீர் ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, 650 மில்லி சாதா பீர் ஒரு பாட்டிலே 50ஐத் தாண்டும், ஸ்ட்ராங் பீர்னா 80. ஒல்லியா இருக்குறவங்களுக்கு இன்னும் ஏறும், 50, 55 கிலோ இருக்குற பெண்ணுக்கு ஒரே 30 மில்லிலயே லிமிட்டு தாண்ட வாய்ப்பு இருக்கு. சாப்பிட்டுக் குடிச்சா மெதுவா ஏறும், வெறும் வயித்துல வேகமா ஏறும், ஆனா ஏறாம இருக்காது.

ராத்திரி குடிச்சேன், தூங்கி எழுந்து காலைல ஓட்டினேன், அப்பவும் காட்டுமா?

காட்டும், நெறைய பேர் மாட்டுறது இதுலதான், அதுவும் காலைல ஸ்கூல் வேன் எடுக்குற டிரைவருங்க, கல்யாண வீட்டுல ராத்திரி உக்காந்துட்டு விடியக்காலைல குடும்பத்தோட கார் எடுக்குறவங்க. ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமாரா 15 மில்லிகிராம்தான் எறக்கும், அத எதாலயும் வேகப்படுத்த முடியாது. ராத்திரி 11 மணிக்கு ஒரு குவார்ட்டர முடிச்சவருக்கு 30க்குக் கீழ வர விடியக்காலை 5, 5.30 ஆயிரும். ஆஃப் பாட்டில் முழுசா அடிச்சவரு மறுநாள் மத்தியானம் 2 மணி வரைக்கும் கூட லிமிட்டுக்கு மேலதான் இருப்பாரு, அவருக்குத் தெளிஞ்ச மாதிரி தோணும், குளிச்சிருப்பாரு, இட்லி சாப்பிட்டிருப்பாரு, ஆனா மெஷினுக்கு அது தெரியாது.

மோர், எலுமிச்சம்பழம், பாக்கு, ஏலக்காய், வெங்காயம் தின்னா மெஷின்ல காட்டாதா?

வாடை கொஞ்சம் மறையும், அளவு மறையாது. மெஷின் வாயில இருக்குற வாடைய மோந்து பாக்கல, நுரையீரல் ஆழத்துல இருந்து வர்ற காத்துல இருக்குற ஆல்கஹால அளந்து அத ரத்தத்தோட அளவா மாத்திச் சொல்லுது. அதனாலதான் "நல்லா ஊதுங்க, விடாம ஊதுங்க"ன்னு சொல்றாங்க.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. குடிக்காமலே காட்டலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், சில இருமல் சிரப், ஹோமியோபதி டிங்சர் இதெல்லாம் எடுத்த ஒடனே ஊதினா வாயில இருக்குற ஆல்கஹால் காட்டும். அப்படி ஆச்சுன்னா பதறாதீங்க, சண்டையும் போடாதீங்க, "வாயக் கொப்புளிச்சிட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதுறேன் சார்"னு கேளுங்க, வாயில இருந்தது அதுக்குள்ள போயிரும், ரத்தத்துல இருக்குறது போகாது. ஒண்ணுக்கு மேற்பட்ட தடவை ஊத வெக்கச் சட்டத்துலயே எடம் இருக்கு. அப்பவும் தப்பாக் காட்டினா ரத்தம் எடுத்துப் பாருங்கன்னு கேளுங்க. மெஷின்ல இருந்து வர்ற சீட்டையும் கவனிங்க. நீங்க ஊதுறதுக்கு முன்னாடி மெஷின் வெறும் காத்துக்கு 0.000 காட்டணும், அது காட்டாத ஒரு கேஸுல கேரள ஹைகோர்ட் 2025ல 185 பிரிவுக் குற்றச்சாட்ட ரத்து பண்ணிருக்கு.

ஊத மாட்டேன்னு சொன்னா?

தப்பான யோசனை. 203வது பிரிவுப்படி யூனிஃபார்ம்ல இருக்குற போலீஸோ மோட்டார் வாகனத் துறை அதிகாரியோ சந்தேகம் இருந்தா ஊதச் சொல்லலாம். மறுத்தா, குடிச்சிருக்காருன்னு நியாயமான சந்தேகம் இருந்தா வாரண்ட் இல்லாமலே அரெஸ்ட் பண்ணலாம், ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர வெச்சு ரத்தம் எடுக்கச் சொல்லலாம். அதுக்கும் மேல 205வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, சரியான காரணம் இல்லாம நீங்க மறுத்தத உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்குத் துணையான ஒரு விஷயமா கோர்ட் எடுத்துக்கலாம். 35 காட்டி அபராதத்தோட போயிருக்க வேண்டியது, மறுத்ததால மொத்தமா குடிச்சவன்ங்குற எடத்துல போய் நிக்கும்.

அரெஸ்ட் பண்ணுவாங்களா? நமக்கு என்ன உரிமை இருக்கு?

பண்ணலாம். ஆனா 202வது பிரிவு தெளிவாச் சொல்லுது, 185ல அரெஸ்ட் பண்ணினா 2 மணி நேரத்துக்குள்ள பதிவு பெற்ற டாக்டர்கிட்ட மருத்துவப் பரிசோதனை பண்ணணும், பண்ணலன்னா விட்டுறணும். அதனால புடிச்ச நேரத்த மனசுல வெச்சுக்கோங்க. பெண்ணா இருந்து ரத்தம் எடுக்குற டாக்டர் ஆணா இருந்தா இன்னொரு பெண் கூட இருக்கும்போதுதான் எடுக்கணும். இது ஜாமீன்ல விடக்கூடிய குற்றம், ஜாமீன் உங்க உரிமை. ஆஸ்பத்திரில அட்மிட் ஆயிருக்குறவர்கிட்ட டெஸ்ட் எடுக்கணும்னா மொதல்ல அவரப் பாக்குற டாக்டர்கிட்ட சொல்லணும், டாக்டர் வேணாம்னு சொன்னா எடுக்கக் கூடாது.

அந்தப் பத்தாயிரத்த அங்கயே கட்டிட்டு வந்துறலாமா? கொறைப்பாங்களா?

ஹெல்மெட் போடலன்னா ஸ்பாட்டுல ஃபைன் கட்டிட்டுப் போற மாதிரி இது இல்ல. ஸ்பாட்டுல சமரசம் பண்ணி முடிக்கக்கூடிய குற்றங்களோட பட்டியல் 200வது பிரிவுல இருக்கு, அதுல 185 இல்ல. அதனால இது கோர்ட்டுக்குப் போற கேஸ். ரோட்டுலயே காசு குடுத்து முடிச்சிட்டேன்னு யாராவது சொன்னா, அதுக்கு ரசீது இருக்காது.

2019 செப்டம்பர் 1க்கு முன்னாடி இதுக்கு 2,000 ரூபாய் வரைக்கும்தான் அபராதம், அந்த ஞாபகத்துலதான் இன்னும் பலபேர் இருக்காங்க. திருத்தத்துக்கு அப்புறம் மொதல் தடவைக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டும். இதுல ஒரு வார்த்தை வித்தியாசத்தப் பாருங்க, ஜெயிலுக்கு "வரைக்கும்"னு இருக்கு, அபராதத்துக்கு அந்த "வரைக்கும்" இல்ல, பத்தாயிரம்னே போட்டிருக்கு. கொறைக்க முடியுமான்னு கேக்குறவங்களுக்கு அதுதான் பதில்.

ரெண்டாவது தடவை மாட்டினா?

2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 15,000, இல்ல ரெண்டும். முன்னாடி எல்லாம் 3 வருஷத்துக்குள்ள மறுபடி பண்ணினாத்தான் "ரெண்டாவது"ன்னு கணக்கு, 2019 திருத்தத்துல அந்த 3 வருஷத்த எடுத்துட்டாங்க. குற்றத்த ஒத்துக்கிட்டு அபராதம் கட்டுறதுன்னா அது தண்டனை, ரெக்கார்டுல நிக்கும், வருஷம் கழிச்சு மறுபடி மாட்டும்போது அது எழுந்து வரும். "கட்டிட்டா முடிஞ்சிரும்"னு யாரும் சொல்லி அனுப்பாதீங்க.

லைசென்ஸ் போயிருமா?

போலீஸ் லைசென்ஸ வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பலாம், 206வது பிரிவுல அதுக்கு அதிகாரம் இருக்கு. மொதல் தடவைக்குப் பொதுவா 3 மாசம் சஸ்பெண்ட், மறுபடி பண்ணினா ரத்து வரைக்கும் போகும். சுப்ரீம் கோர்ட் அமைச்ச சாலைப் பாதுகாப்புக் குழுவே 2015ல கொறஞ்சது 3 மாசம் சஸ்பெண்ட் பண்ணணும்னு எல்லா மாநிலத்துக்கும் சொல்லிருச்சு. ஆட்டோ, வேன், லாரி ஓட்டிப் பொழைக்குறவங்களுக்கு அபராதத்த விட இதுதான் அடி, 3 மாசம் வீட்டுல அடுப்பு எப்படி எரியும்னு நெனச்சுப் பாருங்க. அந்த 3 மாசத்துல "கொஞ்ச தூரம்தானே"ன்னு எடுத்து ஆக்சிடென்ட் ஆச்சுன்னா லைசென்ஸ் இல்லாம ஓட்டின கேஸு, இன்சூரன்ஸும் கை விரிச்சிரும்.

வண்டியப் புடிச்சு வெச்சுக்குவாங்களா?

நடைமுறைல ஸ்டேஷன்ல நிறுத்தி வெச்சிட்டு, குடிக்காத ஒருத்தர் ஆர்சி, லைசென்ஸோட வந்தா குடுப்பாங்க. தெலங்கானா ஹைகோர்ட் 2021 நவம்பர்ல இதப் பத்தி ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, குடிபோதைக்காக மட்டும் வண்டியப் பறிமுதல் பண்ண போலீஸுக்கு அதிகாரம் இல்ல, கூட வந்தவர் குடிக்காம லைசென்ஸோட இருந்தா அவர்கிட்டயே குடுக்கணும், யாரும் இல்லன்னா சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சிருந்து குடுக்கணும்னு. அது அந்த மாநிலத்துக் கோர்ட்டு, ஆனாலும் இங்க எடுத்துக் காட்டி வாதாடலாம்.

பின்னாடி உக்காந்து வந்தவன் மேலயும் கேஸா? நான் குடிக்கவே இல்லையே!

188வது பிரிவு, உடந்தையா இருந்தா ஓட்டினவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. 2022 அக்டோபர்ல சென்னை டிராஃபிக் போலீஸ் இத வெச்சுத்தான் கூட வர்றவங்க மேலயும் கேஸ் போடுவோம்னு அறிவிச்சாங்க, அப்ப பெரிய பேச்சாச்சு. சட்டத்துல இருக்குற சொல்லு உடந்தை, பக்கத்துல உக்காந்திருக்குறது மட்டுமே உடந்தை ஆயிருமான்னு கோர்ட்டுல கேக்கலாம், ஆட்டோவுல சவாரி ஏறினவருக்கு டிரைவர் குடிச்சது தெரியாம இருக்கலாம். ஆனா ஒண்ணா உக்காந்து பாத்துட்டு, சாவிய எடுத்துக் கையில குடுத்துட்டு, பின்னாடி ஏறினவருக்கு அந்த வாதம் எடுபடாது. ஒரு பக்கம் என்னோட சொந்தக் கருத்தையும் சொல்றேன், குடிக்காத ஆள் ஒருத்தர் கூட இருந்தும் குடிச்சவர் கையில ஹேண்டில்பார் இருக்குறத என்னால ஏத்துக்க முடியல.

காரை ஓரமா நிறுத்திட்டு உள்ளயே தூங்கினா கேஸ் வருமா?

ஓட்டணும், இல்ல ஓட்ட முயற்சி பண்ணணும், அப்பத்தான் 185. இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பின்சீட்டுல தூங்குறவரு ரெண்டுமே பண்ணல. டிரைவர் சீட்டுல உக்காந்து சாவி போட்டு ஏசிக்காக இஞ்சின் ஓடிட்டு இருந்தா வீண் பிரச்சினை, ஓட்டப் போறாருன்னு சொல்ல எடம் குடுக்குறீங்க, மூடின காருக்குள்ள இஞ்சின் ஓட விட்டுத் தூங்குறது உயிருக்கும் ஆபத்து. கண்ணாடிய எறக்கி விட்டு, பின்சீட்டுல, சாவிய தள்ளி வெச்சிட்டுப் படுங்க.

ஆக்சிடென்ட் ஆகி ஆள் செத்துட்டா எந்த செக்ஷன்?

இங்கதான் எல்லாம் மாறுது. 2024 ஜூலை 1ல இருந்து ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருச்சு. சாதாரணமா கவனக்குறைவால மரணம்னா 106(1), 5 வருஷம் வரைக்கும் ஜெயில், முன்னாடி 304ஏல 2 வருஷம்தான். இது ஜாமீன்ல விடக்கூடியது, மாஜிஸ்திரேட் கோர்ட்டுல நடக்கும். ஆனா குடிச்சிட்டு ஓட்டிக் கொன்னா போலீஸ் 105 போடலாம், அதாவது கொலைக்குச் சமமில்லாத மரணம் விளைவித்தல், பழைய 304. இந்த மாதிரி கேஸுல அதோட ரெண்டாவது பகுதிதான் வரும், 10 வருஷம் வரைக்கும், ஜாமீன் உரிமை கிடையாது, செஷன்ஸ் கோர்ட். கொல்லணும்னு நெனைக்கலையேன்னு கேப்பீங்க, நெனச்சிருக்கத் தேவையில்ல, இப்படி ஓட்டினா ஆள் சாகலாம்னு தெரிஞ்சிருந்தா போதும்.

இதுக்கு ரெண்டு பெரிய தீர்ப்பு இருக்கு, ரெண்டும் 2012, ரெண்டும் சுப்ரீம் கோர்ட். 2006 நவம்பர்ல மும்பை பாந்திராவுல கார்ட்டர் ரோட்டுல பிளாட்பாரத்துல தூங்கிட்டு இருந்த கூலிக்காரங்க மேல ஒரு கார் ஏறுச்சு, 7 பேர் செத்தாங்க, 8 பேருக்கு அடி, ஓட்டின அலிஸ்டர் பெரேராவோட ரத்தத்துல 112 மில்லிகிராம். அவருக்கு 304 ரெண்டாவது பகுதில 3 வருஷத் தண்டனைய சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. இன்னொண்ணு டெல்லி பிஎம்டபிள்யூ கேஸ், 1999 ஜனவரி, லோதி ரோடு, 6 பேர் சாவு, அதுல 3 பேரு போலீஸ்காரங்க. ஹைகோர்ட் 304ஏக்குக் கொறச்சத சுப்ரீம் கோர்ட் திருப்பி 304 ரெண்டாவது பகுதிக்கே கொண்டு வந்துச்சு. தண்டனை விஷயத்துல ரெண்டுமே கம்மின்னு எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல, ஆனா சட்டம் எங்க நிக்குதுன்னு இந்த ரெண்டும் காட்டிருச்சு. "போதையில இருந்தேன், என்ன பண்றேன்னு தெரியல"ன்னு சொல்றதும் செல்லாது, நீங்களா விரும்பிக் குடிச்ச போதை சட்டத்துல சாக்கு இல்ல.

இடிச்சிட்டேன், கூட்டம் கூடிருச்சு, பயத்துல ஓடிட்டா?

134வது பிரிவு, அடிபட்டவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது ஓட்டினவரோட கடமை, போலீஸுக்கு 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். கூட்டம் அடிக்கும்னு பயந்தா நேரா ஸ்டேஷனுக்குப் போங்க, 108க்குப் போன் பண்ணுங்க. தப்பிச்சு ஓடினா 10 வருஷம்னு புதுச் சட்டத்துல 106(2) இருந்துச்சு, லாரி டிரைவருங்க 2024 ஜனவரில ஸ்ட்ரைக் பண்ணாங்களே அதுதான், அந்தப் பகுதிய மட்டும் அமலுக்குக் கொண்டு வராம நிறுத்தி வெச்சாங்க. அதனால ஓடலாம்னு அர்த்தம் இல்ல. "இப்ப மாட்டினா குடிச்சது தெரியும், நாளைக்குப் போயிரலாம்"னு ஓடினவங்க கேஸ பாத்திருக்கேன், ரோட்டுல ரத்தம் போய்ட்டு இருந்த ஆள விட்டுட்டு வந்தவர்னுதான் ஜட்ஜ் அவங்களப் பாக்குறாரு.

என் காருக்குக் கம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இருக்கு, டேமேஜுக்குக் குடுப்பாங்கல்ல?

குடிச்சிருந்தா குடுக்க மாட்டாங்க, எல்லா பாலிசிலயும் அந்த விலக்கு இருக்கு. "டெஸ்டே எடுக்கலையே, எப்படி நிரூபிப்பாங்க"ன்னு கேக்குறவங்களுக்கு 2021ல ஒரு தீர்ப்பு. 2007 டிசம்பர்ல டெல்லி இந்தியா கேட் பக்கத்துல ஒரு போர்ஷே கார் பிளாட்பாரத்துல மோதிக் கவுந்து தீப்புடிச்சிருச்சு. மூச்சு டெஸ்ட்டும் இல்ல, ரத்த டெஸ்ட்டும் இல்ல. ஆனா ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுல ஆல்கஹால் வாடை இருந்துச்சு, விடியக்காலை அகலமான ரோட்டுல அந்த வேகத்துல மோதுனதுக்கு வேற காரணமும் இல்ல, அதனால கம்பெனி மறுத்தது சரிதான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

நான் இடிச்சதுல இன்னொருத்தர் செத்தா, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கே, அது பாத்துக்காதா?

இந்தக் கேள்வியத்தான் எல்லாரும் மொதல்ல கேக்கணும்.

செத்தவரோட குடும்பத்துக்கு மொதல்ல இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்கும், கேரள ஹைகோர்ட்டும் 2023ல அப்படித்தான் சொல்லுச்சு, பாலிசில குடிபோதை விலக்கு இருந்தாலும் மூணாவது ஆளுக்குக் குடுத்துட்டு அப்புறம் வசூல் பண்ணிக்கோன்னு. இதுக்கு எங்க பாஷைல பே அண்ட் ரெக்கவர். வசூல் யார்கிட்டன்னு பாத்தீங்களா, ஓட்டினவர்கிட்டயும் வண்டி ஓனர்கிட்டயும். தனியா வழக்கு கூடப் போட வேணாம், அதே தீர்ப்ப வெச்சு கோர்ட்டுல நிறைவேற்று மனு போட்டு வீடு, நெலம்னு ஜப்தி வரைக்கும் போகலாம்.

எவ்வளவு வரும்னு ஒரு கணக்கு சொல்றேன், சுப்ரீம் கோர்ட் 2009லயும் 2017லயும் வகுத்துக் குடுத்த கணக்கு. 30 வயசு மேஸ்திரி, மாசம் 20,000 சம்பாத்தியம், அம்மா, மனைவி, ரெண்டு புள்ளைங்க. எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டு, 28,000. அவர் சொந்தச் செலவுக்குன்னு கால்பங்கு கழி, 21,000. வருஷத்துக்கு 2,52,000. 30 வயசுக்கு 17ஆல பெருக்கு. 42,84,000. இதுக்கு மேல இறுதிச் சடங்குச் செலவு, மனைவி, புள்ளைங்களுக்குத் தனித்தனியா இழப்பு, வட்டி. மேஸ்திரிக்கே இவ்வளவு, இன்ஜினியரோ கவர்மென்ட் வேலைல இருக்குறவரோ ஆனா கோடியத் தாண்டும்.

இதுல ஓனர்ங்குற சொல்ல மறந்துறாதீங்க. "மச்சான் வண்டியக் குடுடா, பத்து நிமிஷத்துல வந்துர்றேன்"னு வாங்கிட்டுப் போறானே, அவன் குடிச்சிருக்கான்னு தெரிஞ்சு சாவியக் குடுத்தா ஆர்சில யார் பேரு இருக்கோ அவங்க வீட்டுக்கு நோட்டீஸ் வரும். பல வீட்டுல வண்டி அம்மா பேர்லயோ அப்பா பேர்லயோ இருக்கும், ஓட்டத் தெரியாத அறுபது வயசு அம்மா கோர்ட் வராண்டால எதிர்மனுதாரரா உக்காந்திருக்குறத நான் பாத்திருக்கேன், அவங்களுக்கு என்ன கேஸுன்னே புரியல.

குடிச்சிட்டு ஓட்டினவரே செத்துட்டா அவர் குடும்பத்துக்கு எதுவும் வராதா?

தானா சறுக்கி விழுந்தோ மரத்துல மோதியோ செத்தா, ஓனர் டிரைவருக்குன்னு கட்டாயமா எடுக்குற 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கு, ஆனா குடிபோதைல இருந்தா அது கெடையாதுன்னு பாலிசிலயே இருக்கும். எதிர்ல வந்த வண்டி மேல தப்புன்னா கேஸ் போடலாம், அங்கயும் இவரும் குடிச்சிருந்தாரு, இவர் மேலயும் பாதித் தப்புன்னு நஷ்டஈட்டக் கொறைப்பாங்க.

என்கிட்ட ஒரு பொண்ணு வந்துச்சு, 26 வயசு, கையில ஒரு கொழந்தை. வீட்டுக்காரர் திருவிழா முடிஞ்சு வரும்போது பைக்ல பாலத்துச் சுவத்துல மோதிப் போயிட்டாரு. பாலிசி கரெக்டா இருக்கு, பிரீமியம் கட்டிருக்கு. ஆனா ஆஸ்பத்திரில மொதல்ல எழுதுற ஏஆர் காப்பில, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல, "மூச்சில் மது வாடை"ன்னு ஒரு வரி, போஸ்ட்மார்ட்டத்துலயும் அதே. கம்பெனி மறுத்திருச்சு. நான் என்னென்னவோ வாதாடிப் பாத்தேன், கெடைக்கல. பாலிசிக்காரன் ஏமாத்திட்டான்னுதான் அந்தப் பொண்ணு இன்னும் நெனச்சிட்டு இருக்கு, புருஷன் குடிச்ச அந்த ஒரு வரிதான் காரணம்னு என்னால அது முகத்தப் பாத்து சொல்ல முடியல.

18 வயசு ஆகாத பையன் ஓட்டினா?

199ஏ. பெத்தவங்களுக்கோ ஓனருக்கோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 அபராதம், வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் 12 மாசம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. இதுல குடியும் சேர்ந்தா என்ன ஆகும்ங்குறதுக்கு 2024 மே மாசம் புனே கல்யாணி நகர்ல நடந்தத எல்லாரும் பாத்தோம், 17 வயசுப் பையன், போர்ஷே கார், ரெண்டு ஐடி இன்ஜினியருங்க செத்தாங்க, 300 வார்த்தைல கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் குடுத்தாங்கன்னு நாடே கொதிச்சுச்சு. அப்புறம் ரத்த சாம்பிளையே மாத்திட்டாங்கன்னு குற்றச்சாட்டு வந்து டாக்டருங்க, பெத்தவங்கன்னு அரெஸ்ட் ஆனாங்க. புள்ளையக் காப்பாத்தப் போய் வீடே கேஸுல நின்னுச்சு.

வேலை, பாஸ்போர்ட், விசாவுக்குப் பாதிப்பு வருமா?

கவர்மென்ட் டிரைவர்னா துறை நடவடிக்கை தனியா வரும். உத்தரப்பிரதேசத்துல ஆயுதப்படை டிரைவர் ஒருத்தர் குடிச்சிட்டு ஆள் ஏத்தின லாரிய ஓட்டி ஜீப்புல மோதிட்டாரு, பெரிய சேதம் இல்ல, ஆனாலும் வேலை போச்சு. 2022ல சுப்ரீம் கோர்ட் அவர் இறந்துட்டதாலயும் நீண்ட சர்வீஸ் இருந்ததாலயும் டிஸ்மிஸ கட்டாய ஓய்வா மாத்துச்சு, ஆனா பெருசா ஒண்ணும் ஆகலங்குறது அதிர்ஷ்டம்தான், அத சாக்கா சொல்ல முடியாதுன்னு சொல்லிருச்சு. வெளிநாட்டு விசா ஃபார்ம்ல தண்டனை பத்திக் கேப்பாங்க, மறைச்சா அது தனி வம்பு. கனடா 2018 டிசம்பர்ல இருந்து இத கடுமையான குற்றமா வெச்சிருக்கு, உள்ள விடாம இருக்கவே காரணமாகலாம்.

அரசாங்கமே கடைய நடத்துது, ரோட்டோரம் கடைய வெச்சிட்டு எங்களப் புடிக்குறது நியாயமா?

கோவம் நியாயம்தான், நானும் கேக்குற கேள்விதான். நெடுஞ்சாலைல இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பர் 15ல சொன்ன தீர்ப்பு இருக்கே, அது தமிழ்நாட்டுல இருந்து போன வழக்குலதான் வந்துச்சு. அப்புறம் சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர்னு தளர்த்தினாங்க. கடை எங்க இருக்குங்குறது அரசாங்கத்தோட பொறுப்பு, அதுக்காகப் போராடணும். அதே நேரம் அதக் கோர்ட்டுல 185க்குப் பதிலா சொல்ல முடியாது. 2022ல மட்டும் இந்த நாட்டு ரோட்டுல 1,68,491 பேர் செத்திருக்காங்க, எல்லாம் குடியால இல்ல, ஆனா அதுல ஒருத்தரோட வீட்டுக்குப் போய் கடை பக்கத்துல இருந்துச்சுன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது.

குடிச்ச ஒருத்தர் எங்க வீட்டு ஆள இடிச்சிட்டா நாங்க ஒடனே என்ன செய்யணும்?

மொதல்ல அடிபட்டவரப் பாருங்க. அடுத்தது, இத யாரும் அந்த நேரத்துல யோசிக்குறதில்ல, இடிச்சவரோட ரத்தத்த எடுக்கச் சொல்லுங்க. ஸ்டேஷன்ல வாய்ல சொல்லாதீங்க, ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி, டைம் போட்டு, நகல்ல கையெழுத்து வாங்குங்க. ரத்தம் எடுக்கும்போது ஊசி போடுற எடத்த ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கக் கூடாது, தொடைச்சா அதுலயே ஆல்கஹால் கலந்திருச்சுன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேஸ உடைப்பாரு. அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா அவரோட ஏஆர் காப்பில என்ன எழுதிருக்குன்னு கேட்டு வாங்குங்க. அவர் எங்க குடிச்சாருன்னு தெரிஞ்சா அந்தப் பக்கத்துக் கேமரா பதிவ எடுத்து வெக்கச் சொல்லி போலீஸுக்கு மனு குடுங்க, கொஞ்ச நாள்ல அது அழிஞ்சிரும். இடிச்ச வண்டி எதுன்னே தெரியலன்னாலும் சும்மா இருக்காதீங்க, அரசாங்கத் திட்டத்துல மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 இருக்கு, அதுக்கு தாசில்தார் ஆபீஸ்ல, இல்ல வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ்ல (லைசென்ஸ் குடுக்குற ஆர்டிஓ இல்ல) விசாரிங்க, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுல இலவசமா வக்கீலும் கெடைப்பாங்க.

ரத்தம் எடுக்கச் சொல்றதுல மட்டும் தயங்காதீங்க, கூச்சப்படாதீங்க. மணிக்கு 15 மில்லிகிராம்னு மேல சொன்னேன்ல, 11 மணிக்கு 90ல இருந்தவர "காலைல பாத்துக்கலாம் போங்க"ன்னு அனுப்பினா விடியக்காலை 4 மணிக்கு அவரோட ரத்தத்துல சட்டம் தேடுற அளவு இருக்காது.